புகுஷிமா டாய்ச்சி: கடல்நீர் தாமதம்தான் காரணமா? உலைகளை நிலைப்படுத்தியது எப்படி?

#1 · குமரித்துறை

புகுஷிமா என்றாலே ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "முதல் நாளே கடல்நீரை விட்டிருந்தால் உலை தப்பியிருக்கும், உலை வீணாகிவிடுமே என்று நிலையத்தை நடத்திய டெப்கோ தயங்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்." ஆனால் 1, 2, 3 மூன்றும் ஒரே நாளில் உருகவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கைவிட்டது. அதே வளாகத்தில் இருந்த 5, 6 தப்பின. தெற்கே சுமார் 12 கி.மீ. தள்ளி இருந்த டாய்னி நிலையத்தின் நான்கு உலைகளும் தப்பின. பம்ப், வால்வு, மின்சாரம் என்ற அளவில் இறங்கி யாராவது விளக்குங்கள். அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

#2 · கொதிகலன்

முதலில் கணக்கு. அதைப் பார்க்காமல் பேசினால் எல்லாமே அலுவலகச் சண்டையாகத்தான் தெரியும்.

2, 3ஆம் உலைகள் 2381 மெகாவாட் வெப்பத் திறன், 1ஆம் உலை 1380. 2011 மார்ச் 11 மதியம் 2:46-க்கு நிலநடுக்கம் வந்ததும் கட்டுப்பாட்டுக் கோல்கள் எல்லாம் சரியாக உள்ளே போய்விட்டன. பிளவு வினை நின்றது. நிற்காதது எஞ்சிய வெப்பம்: நின்ற கணத்தில் 6–7%, ஒரு மணி நேரத்தில் ஒன்றரை சதவீதம் அளவு, ஒரு நாளில் சுமார் அரை சதவீதம். 2ஆம் உலைக்கு ஒரு நாள் கழித்தும் 12 மெகாவாட். அதைக் கொதிக்க வைத்தே வெளியேற்றுவது என்றால் மணிக்கு 16–17 டன் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும். 1ஆம் உலைக்கு 9–10 டன்.

அளவு பெரிதில்லை, ஒரு தீயணைப்பு வண்டி தாராளமாகத் தரும். சிக்கல் அழுத்தத்தில். உலைக்கலனுக்குள் 7 மெகாபாஸ்கல், அதாவது 70 வளிமண்டல அழுத்தம். தீயணைப்பு பம்ப் தள்ளுவது 1 மெகாபாஸ்கலுக்கும் கீழே. கடல்நீரோ நன்னீரோ, முதலில் உலையின் அழுத்தத்தை இறக்காமல் ஒரு சொட்டு உள்ளே போகாது.

அழுத்தத்தை இறக்க நீராவி நிவாரண வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் நீராவியோடு உலையிலிருக்கும் தண்ணீரும் ஆவியாகி வெளியேறும். அந்த நேரத்தில் மாற்றுத் தண்ணீர் இணைப்பு தயாராக இல்லை என்றால், நாமே உலையைக் காயவைத்ததாக ஆகும். ஆகவே வரிசை இதுதான்: தண்ணீர்ப் பாதை தயார், வண்டி ஓடுகிறது, அதன் பிறகு அழுத்தம் இறக்கு. மூன்றுக்கும் மின்சாரமோ காற்றழுத்தமோ ஆளோ வேண்டும். சுனாமிக்குப் பிறகு அங்கே எஞ்சியிருந்தது ஆள் மட்டும்தான்.

#3 · கட்டுப்பாட்டறை

1ஆம் உலைக்குக் கடல்நீர் விவாதமே பொருந்தாது என்பது என் கருத்து. அது முதல் நாள் மாலையே போய்விட்டது.

1-இல் பிந்தைய உலைகளில் இருக்கும் நீராவிச் சுழலி பம்ப் இல்லை. இருந்தது தனிமைக் குளிர்விப்பான்: உலையின் நீராவி மேலே ஒரு தொட்டி நீருக்குள் ஓடும் குழாய்களில் குளிர்ந்து, தண்ணீராகித் தானே கீழே இறங்கும். பம்ப் வேண்டாம், வால்வு திறந்திருந்தால் போதும். நிலநடுக்கம் வந்ததும் இரண்டு வரிசையும் தானாக வேலை செய்தன. மணிக்கு 55 பாகைக்கு மேல் உலை குளிரக்கூடாது என்ற விதிக்காக இயக்குநர்கள் ஒன்றை நிறுத்தி, மற்றதன் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். சுனாமி அடித்த நேரத்தில் அது மூடியிருந்தது.

இதற்கு மேல் ஒரு பொறி. குழாய் உடைந்துவிட்டதா என்று கவனிக்கும் சுற்று நேர்மின்சாரத்தில் ஓடுகிறது. அந்த மின்சாரம் போனால் 'குழாய் உடைந்தது' என்றே எடுத்துக்கொண்டு எல்லா வால்வையும் மூடச் சொல்லும். பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான். ஆனால் காப்புக்கலனுக்கு (உலைக்கலனைச் சுற்றியிருக்கும் வெளிக்கலன்) உள்ளே இருக்கும் வால்வுகள் மாறுமின்சார மோட்டாரில் ஓடுபவை. நேர்மின்சாரம் முந்திப் போய், மாறுமின்சாரம் சில கணம் தாக்குப்பிடித்தால், மூடச் சொன்ன கட்டளை நிறைவேறிவிடும். அதற்குப் பிறகு திறக்க வழியில்லை. மாலை 6:18-க்கு வெளிப்புற வால்வுகளைத் திறந்து பார்த்தார்கள். கொஞ்சம் ஆவி வந்தது, நின்றது. 6:25-க்கு மூடிவிட்டார்கள்.

அக்டோபரில் போய்ப் பார்த்தபோது அந்தத் தொட்டிகளில் 65 சதவீதமும் 85 சதவீதமும் தண்ணீர் அப்படியே இருந்தது. வழக்கமான மட்டமே 80தான். அதாவது குளிர்விப்பான் ஏறத்தாழ வேலையே செய்யவில்லை.

நீர்மட்டமானி கதை இன்னும் மோசம். இரவு 9:19-க்கு மின்கலத்தைச் சேர்த்து வாசித்தபோது எரிகோல் உச்சிக்கு 20 செ.மீ. மேலே தண்ணீர் இருப்பதாகக் காட்டியது. இந்த மானி இரண்டு நீர்த்தூண்களின் அழுத்த வேறுபாட்டைத்தான் அளக்கிறது. காப்புக்கலன் சூடேறி ஒப்பீட்டுத் தூணின் நீர் ஆவியாகிவிட்டால், உலை காலியாக இருந்தாலும் 'இருக்கிறது' என்றே காட்டும். அந்த எண்ணை நம்பிப் பல மணி நேரம் போனது. பின்னாளைய கணிப்புகளின்படி எரிபொருள் அதற்குள் சேதமடையத் தொடங்கிவிட்டது.

#4 · வெண்ணாறு

ஒரு மறுப்பு. 1ஆம் உலையில் 12ஆம் தேதி அதிகாலை 2:45-க்கே உலை அழுத்தம் 0.8 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிட்டது, யாரும் வால்வைத் திறக்காமலே. அப்படியானால் தீயணைப்பு வண்டிக்கு வழி கிடைத்துவிட்டதே? அதிகாலை 4 மணி அளவில் நன்னீர் தொடங்கி, மதியம் 2:53 வரை 80 டன் போட்டதாகப் பதிவு. 80 டன் போதாதா?

#5 · கொதிகலன்

@வெண்ணாறு அழுத்தம் தானாக இறங்கியது நல்ல செய்தியே இல்லை. உலைக்கலனிலோ அதனோடு சேர்ந்த குழாயிலோ ஓட்டை விழுந்து, அழுத்தம் காப்புக்கலனுக்குள் போய்விட்டது என்று பொருள். 2:30-க்குக் காப்புக்கலன் அழுத்தம் 0.84. அது தாங்க வேண்டிய உச்ச அளவு 0.53.

80 டன் பற்றி: பதினோரு மணி நேரத்துக்கு 80 என்றால் மணிக்கு 7 டன் சொச்சம்தான். தேவை 10. முதல் சில மணி நேரம் ஒரே வண்டி, தன் வயிற்றில் ஒரு டன் சுமந்து போய்ப் போய் வந்தது. வளாகத்தில் மொத்தம் மூன்று வண்டி. ஒன்றைச் சுனாமி கெடுத்தது, ஒன்று 5, 6 பக்கம் சாலை துண்டிக்கப்பட்டு மாட்டிக்கொண்டது.

#6 · குழாயடி

அந்த 80 டன்னும் முழுதாக உலைக்குப் போகவில்லை என்பதுதான் இந்த இழைக்கே மையமான விஷயம்.

வண்டி இணைந்தது தீயணைப்புக் குழாய்க்கு. அங்கிருந்து நன்னீர் நிரப்பும் அமைப்பு, அங்கிருந்து உலைக்குப் போகும் தெளிப்புக் குழாய். ஆனால் நன்னீர் அமைப்பு ஒரே கோடு அல்ல, கட்டடம் முழுக்கக் கிளை விட்டது. ஒரு கிளை நீராவிக் குளிர்கலத்தின் (மின் உற்பத்திச் சுழலியிலிருந்து வரும் நீராவியை நீராக்கும் கலம்) பம்ப் அச்சுக்கு முத்திரை நீர் தருவது. வழக்கமாக அந்த பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் எதிர்அழுத்தம் இருந்து நீர் அங்கே போகாது. மின்சாரம் போய் பம்ப் நின்றதும் அந்த வழி திறந்த வாய். உலைப் பக்கம் சில வளிமண்டல அழுத்தம், குளிர்கலத்தின் பக்கம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் எங்கே போகும்? 3ஆம் உலையில் தேங்கிய நீரைச் சேமிக்கக் குளிர்கலத்தைப் பயன்படுத்தலாம் என்று மார்ச் கடைசியில் திறந்து பார்த்தபோது அது ஏற்கெனவே நிறைந்து கிடந்தது. காலியாக இருக்க வேண்டிய இடம்.

2013 டிசம்பரில் டெப்கோவே இந்த விலகல் பாதைகளை வரிசையிட்டு ஒப்புக்கொண்டது. ஆக, வண்டியின் அளவுமானியில் வரும் எண்ணை உலைக்குள் போன எண்ணாக எழுதக்கூடாது. இப்படி ஒரு நிலையில் வண்டியை இணைப்பதற்கு முன்போ, உடனேயோ, குழாய் வரைபடத்தை விரித்துவைத்து ஒவ்வொரு கிளையின் கைவால்வையும் போய் மூட வேண்டும். இருட்டு, கதிர்வீச்சு, பின்அதிர்வு, சுனாமி எச்சரிக்கை இத்தனைக்கும் நடுவில் அது நடக்கவில்லை. நடந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

#7 · குமரித்துறை

அப்படியானால் 12ஆம் தேதி மாலை 7:04-க்குத் தொடங்கிய கடல்நீரை நிறுத்தச் சொன்னது, நிலைய மேலாளர் யோஷிதா கேட்காமல் தொடர்ந்தது, இதெல்லாம்?

#8 · கட்டுப்பாட்டறை

யோஷிதா செய்தது சரி. ஆனால் அதனால் 1ஆம் உலையின் எரிபொருள் தப்பவும் இல்லை, நிறுத்தியிருந்தால் புதிதாக உருகியிருக்கவும் இல்லை. அதற்குள் அது உலைக்கலனின் அடியைத் துளைத்து இறங்கிவிட்டது என்பதே இன்றைய கணிப்பு. உருகிய குழம்பு கான்கிரீட்டை அரிப்பதைக் குறைக்கத் தண்ணீர் வேண்டும், அந்த அளவில் மதிப்பு உண்டு. 2022-23இல் ரோபோ உள்ளே போனபோது உலைக்கலனைத் தாங்கும் பீடத்தின் உட்சுவரில் அடியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் போய், கம்பி மட்டும் நிற்பது தெரிந்தது.

#9 · கொதிகலன்

உண்மையான வாய்ப்பு இருந்தது 2-இலும் 3-இலும். அங்கே நேரம் கிடைத்தது.

2ஆம் உலை: மின்சாரம் போவதற்குச் சற்று முன் 3:39-க்கு நீராவிச் சுழலி பம்பை மறுபடி தொடங்கியிருந்தார்கள். கட்டுப்பாட்டு மின்சாரம் போனதும் அதன் வால்வுகள் இருந்த நிலையிலேயே நின்றன. 1-இன் வால்வுகள் மூடிக்கொண்டன, 2-இன் வால்வுகள் திறந்தே இருந்தன, வேறுபாடு அவ்வளவுதான். யாரும் கட்டுப்படுத்தாமலே அந்தச் சுழலி சுமார் 70 மணி நேரம் ஓடியது. வடிவமைப்பில் மின்கல ஆயுளே 8 மணி நேரம்.

அந்த 70 மணி நேரமும் உலையின் வெப்பம் எல்லாம் அடியிலுள்ள வளையத் தொட்டிக்குள்தான் இறங்கியது. தொட்டி நீர் கொதிநிலைக்கு மேல் போய்விட்டது. 14ஆம் தேதி மதியம் பம்ப் நின்றபோது, நீராவியை அந்தத் தொட்டிக்குள் விட்டாலும் அது முழுமையாகக் குளிர்ந்து அடங்காது. மாலை 6 மணி வாக்கில் நிவாரண வால்வு திறந்து அழுத்தம் இறங்கியது. வண்டி தண்ணீர் விட வேண்டிய நேரம். வண்டியில் எரிபொருள் தீர்ந்து நின்றிருந்தது, 7:20-க்குத்தான் கவனித்தார்கள். 7:54-க்கு மறுபடி தொடங்கியபோது உலையில் பெரும்பகுதி காய்ந்துவிட்டது. கதிர்வீச்சு அதிகமாக இருந்ததால் வண்டிக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்த முடியவில்லை. அரைத்தொட்டி டீசலில் மாட்டிய விஷயம் இது.

3ஆம் உலை: மின்கலங்கள் தப்பியிருந்தன. அதுவே ஒரு பொறியாகவும் ஆனது. பெரிய உயர்அழுத்தப் பம்ப் ஓட ஓட உலை அழுத்தம் இறங்கியது, சுழலி குறைந்த வேகத்தில் தடுமாறியது, உடைந்துவிடுமோ என்று 13ஆம் தேதி அதிகாலை 2:42-க்கு நிறுத்தினார்கள். நிவாரண வால்வைத் திறந்து டீசல் தீயணைப்பு பம்பில் மாறலாம் என்பது திட்டம். வால்வு திறக்கவில்லை, மின்கலத்தில் அதற்கான சக்தி இல்லை. அழுத்தம் மறுபடி ஏறியது. ஊழியர்களின் கார்களிலிருந்து 12 வோல்ட் மின்கலம் பத்தைக் கழற்றித் தொடராக இணைத்து 120 வோல்ட் செய்தார்கள். காலை 9 மணி அளவில் அழுத்தம் இறங்கி, 9:25-க்குப் போரான் கலந்த நன்னீர் போனது. ஆறரை மணி நேர இடைவெளி. அழுத்தத்தை இறக்கும் வழி உறுதியாகாமல் ஓடும் பம்பை நிறுத்தக்கூடாது. இதை அந்த இரவில் இருந்தவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை, வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எழுதுகிறேன்.

#10 · வெண்ணாறு

காப்புக்கலனின் வாயு வெளியேற்றத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1-இல் அதை இன்னும் முன்பே செய்திருந்தால் கட்டடம் வெடித்திருக்காது என்று நினைக்கிறேன்.

#11 · குழாயடி

செய்யச் சொன்னது நள்ளிரவிலேயே. வழி இரண்டு வால்வு: மோட்டார் வால்வு ஒன்று, காற்றழுத்த வால்வு ஒன்று. 12ஆம் தேதி காலை 9 மணிக்கு மேல் முதல் குழு உள்ளே போய் மோட்டார் வால்வைக் கையால் 25 சதவீதம் திறந்தது. இரண்டாம் குழு வளையத் தொட்டி அறை வரை போய்க் கதிர்வீச்சு அளவு தாளாமல் திரும்பியது. காற்றழுத்த வால்வுக்கு அழுத்தக் காற்று வேண்டும், அதோடு அதன் காந்தச் சுருளுக்கு மின்சாரமும் வேண்டும். சிறு ஜெனரேட்டர் மின்சாரம் தந்தது; ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் தேடி ஒரு கம்ப்ரசர் கிடைத்து, மதியம் 2 மணிக்கு ஓட்டி, 2:30-க்கு அழுத்தம் இறங்கியது. 3:36-க்கு வெடிப்பு.

ஹைட்ரஜன் ஏற்கெனவே கட்டடத்துக்குள் கசிந்துவிட்டது. 1200 பாகைக்கு மேல் சிர்கோனியம் நீராவியோடு வெறித்தனமாக வினைபுரியும்: ஒரு கிலோ சிர்கோனியத்துக்கு 44 கிராம், அதாவது அரைக் கன மீட்டர் அளவு ஹைட்ரஜன். உலையில் அந்த உலோகம் டன் கணக்கில் இருக்கிறது. காப்புக்கலன் மூடியின் ரப்பர் முத்திரை அழுத்தத்திலும் வெப்பத்திலும் இளகி, மேல்தளத்துக்கு வாயு போய்விட்டது. முன்பே வெளியேற்றியிருந்தால் அளவு குறைந்திருக்கும், அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

3-இல் நிலைமை வேறு. அதன் வெளியேற்றக் குழாய் 4ஆம் உலையோடு பொதுப் புகைபோக்கியில் சேர்கிறது. 3-இன் ஹைட்ரஜன் பின்னோக்கி 4-க்குள் போய், உலைக்கலனில் எரிபொருளே இல்லாத 4ஆம் உலையின் கட்டடம் 15ஆம் தேதி காலை வெடித்தது. 2-இன் பக்கச் சுவர்ப் பலகை 1-இன் வெடிப்பில் கழன்று விழுந்திருந்ததால் அங்கே வாயு தேங்கவில்லை. முழுக்க முழுக்கத் தற்செயல். 5, 6-இல் 18ஆம் தேதியே கூரையில் துளை போட்டுவிட்டார்கள்.

#12 · நீர்ச்சுழல்

4-இன் எரிபொருள் தொட்டியைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். 1535 கட்டுகள், அதில் 1331 பயன்பட்டவை. வெப்பம் 2.3 மெகாவாட். அதற்கு நாளொன்றுக்கு 75 டன் அளவு ஆவியாகும். தொட்டிப் பரப்பு சுமார் 120 சதுர மீட்டர் என்பதால் மட்டம் நாளைக்கு 60 செ.மீ. இறங்கும். 17ஆம் தேதி 3-இன் மேல் ஹெலிகாப்டர் நான்கு முறை கொட்டியது மொத்தம் 30 டன், அதிலும் பெரும்பகுதி காற்றில் சிதறியது. தொலைக்காட்சிக்கு நன்றாக இருந்தது. உண்மையில் வேலை செய்தது 22ஆம் தேதி 4-க்கு வந்த 58 மீட்டர் கை நீட்டும் கான்கிரீட் பம்ப் வண்டிதான்: நுனியைத் தொட்டிக்கு நேர் மேலே நிறுத்தலாம். பக்கத்து உலைக்கிணறு (உலைக்கலனுக்கு மேலுள்ள பள்ளம்) பராமரிப்புக்காக நீர் நிரப்பி வைக்கப்பட்டிருந்ததும், இடைக் கதவு வழியே அது தொட்டிக்குள் கசிந்ததும் இன்னொரு தற்செயல். பிறகு தொட்டியின் அடியில் எஃகுத் தூண்களும் கான்கிரீட்டும் வைத்துத் தாங்குகட்டு, ஜூலை கடைசியில் முடித்தார்கள்.

#13 · கட்டுப்பாட்டறை

தப்பியவற்றையும் பார்க்கலாம். 6-இல் ஒரு டீசல் ஜெனரேட்டர் காற்றால் குளிர்வது. கடல்நீர் பம்ப் போனாலும் அது ஓடியது, கம்பி இழுத்து 5-க்கும் மின்சாரம் கொடுத்தது. மின்சாரம் இருந்ததால் அளவுமானி இருந்தது, வால்வு இருந்தது. 19ஆம் தேதி தற்காலிகக் கடல்நீர் பம்பைப் பொருத்தி, ஒரே குளிர்விப்பு வரிசையை எரிபொருள் தொட்டிக்கும் உலைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, 20ஆம் தேதி இரண்டும் குளிர் நிறுத்தத்துக்கு (உலை நீர் 100 பாகைக்குக் கீழே நிற்கும் நிலை) வந்தன.

டாய்னியில் ஒரு வெளி மின்கம்பி உயிரோடு இருந்தது. கடலோரப் பம்ப் மோட்டார்கள் செத்துவிட்டன. புது மோட்டார் வரவழைத்து, சுமார் 200 பேர் 9 கி.மீ. கம்பியைக் கையால் இழுத்தார்கள். வழக்கமாக இயந்திரம் வைத்துப் பல நாள் செய்யும் வேலை, ஒன்றரை நாளுக்குள் முடிந்தது. 15ஆம் தேதிக்குள் நான்கும் குளிர் நிறுத்தம். டாய்ச்சி 1–4-இல் கம்பி இழுத்திருந்தாலும் அதைச் செருகும் மின்பலகைகள் நீரில் மூழ்கிக் கிடந்தன. ஜெனரேட்டர் வண்டிகள் வந்து சேர்ந்தும் பெரிதாகப் பயன்படாததற்கு அதுவே காரணம்.

#14 · செம்மண்

ஒரு இடைக்கேள்வி: கல்பாக்கத்தில் 2004-இல் சுனாமி வந்ததே, அங்கே ஏன் ஒன்றும் ஆகவில்லை?

#15 · கட்டுப்பாட்டறை

கடல்நீர் எடுக்கும் சுரங்கவழியாகப் பம்ப் அறைக்குள் நீர் வந்தது, ஓடிக்கொண்டிருந்த 2ஆம் உலையை நிறுத்தினார்கள். டீசல் ஜெனரேட்டர்கள் மேட்டில் இருந்தன, அவை நனையவில்லை. அலையின் உயரமும் டாய்ச்சியில் வந்ததோடு ஒப்பிட முடியாதது. சில நாளில், 2005 ஜனவரி 2-இல், மறுபடி இயங்கியது.

#16 · நீர்ச்சுழல்

இனி 'நிலைப்படுத்தல்' என்ற நீண்ட வேலை. நிறையப் பேர் மார்ச் 15-இல் கதையை முடித்துவிடுகிறார்கள்.

கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரை பங்கு உப்பு. நீர் ஆவியாகிப் போக, உப்பு உலைக்குள்ளேயே தங்கும். படிந்தால் நீர் செல்லும் இடுக்குகள் அடைபடும், குளோரைடு எஃகை அரிக்கும். அதனால் மார்ச் 25, 26-இல் மூன்றையும் நன்னீருக்கு மாற்றினார்கள், வண்டிகளுக்குப் பதில் மின்மோட்டார் பம்புகள் வந்தன. அதற்கு முன்பே 23ஆம் தேதி 1-இல் வெப்பமானி 400 பாகையைத் தொட்டது, மணிக்கு 2 டன்னாக இருந்ததை 18 ஆக உயர்த்தி, பிரதான ஊட்டுநீர்க் குழாய் வழியே விட்டார்கள். அளவைக் கூட்டினால் வெப்பம் குறையும், ஆனால் ஒழுகி வெளியே வரும் அசுத்த நீர் கூடும். ஏப்ரல் முழுக்க இந்த இழுபறிதான்.

ஏனென்றால் காப்புக்கலன்கள் ஓட்டை. ஏப்ரல் 2-இல் 2-இன் கடலோரக் குழி ஒன்றிலிருந்து மணிக்கு 1000 மில்லிசீவர்ட்டுக்கு மேல் காட்டும் நீர் கடலுக்குள் பீறிட்டது. கான்கிரீட் ஊற்றினார்கள், ஓடும் நீரில் இறுகவில்லை. நீர் உறிஞ்சும் பாலிமர், மரத்தூள், செய்தித்தாள் துண்டுகள் போட்டார்கள், நிற்கவில்லை. கடைசியில் குழிக்கு அடியிலிருந்த சரளைப் படுகைக்குள் சோடியம் சிலிகேட் செலுத்தியதும் 6ஆம் தேதி அதிகாலை அடங்கியது. கசிவு குழாயில் இல்லை, குழாயைச் சுற்றிய சரளையில் இருந்தது.

1-இன் காப்புக்கலனையே நீரால் நிரப்பிவிடும் ஆரம்பத் திட்டம் மே மாதம் கைவிடப்பட்டது. ஊற்றிய நீர் உள்ளே நிற்கவில்லை. மாற்று: கட்டடங்களின் அடியில் தேங்கிய சுமார் 1 லட்சம் டன்னை எடுத்து, எண்ணெய் பிரித்து, சியோலைட்டில் சீசியம் பிடித்து, எதிர் சவ்வூடுபரவலில் உப்பு நீக்கி, அதையே மறுபடி உலைக்கு விடுவது. சீசியக் கலம் ஜூன் 17-இல் முழு ஓட்டம் தொடங்கி ஐந்தே மணி நேரத்தில் நின்றது: கலத்தின் மேற்பரப்புக் கதிர்வீச்சு, கலத்தை மாற்ற வேண்டிய மணிக்கு 4 மில்லிசீவர்ட் வரம்பைத் தொட்டுவிட்டது. ஒரு மாதம் தாங்கும் என்று நினைத்திருந்தார்கள். சுழற்சி முழுமையாகத் தொடங்கியது ஜூன் 27.

குழாய் நீளம் நான்கு கி.மீ. அவசரத்துக்கு இறக்கிய வினைல் ஹோஸ்களை, கீழிருந்து முளைத்த தர்ப்பை இனப் புல் குத்தி ஓட்டை போட்டது, இருபதுக்கு மேற்பட்ட இடத்தில். 2012 ஜனவரியில் குளிரில் உறைந்து வெடித்தது பல இடம். பாலிஎதிலீன் குழாயும் வெப்பக்காப்பும் அதற்குப் பிறகு வந்தவை. 2013 மார்ச் 18-இல் வண்டியில் ஏற்றியிருந்த தற்காலிக மின்பலகைக்குள் ஒரு எலி புகுந்து, எரிபொருள் தொட்டிகளின் குளிர்விப்பு 29 மணி நேரம் நின்றது. தற்காலிக ஏற்பாட்டை இரண்டு வருடம் ஓட்டினால் இப்படித்தான்.

#17 · கொதிகலன்

வாயுப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலை குளிரும்போது நீராவி நீராகிறது, காப்புக்கலனுக்குள் அழுத்தம் விழுகிறது, ஓட்டை வழியே வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. உள்ளே ஹைட்ரஜன் இருக்கிறது. நன்றாகக் குளிர்வித்தால் வெடி அபாயம் கூடும் என்ற முரண். அதனால் ஏப்ரல் 7 முதல் 1-க்கு நைட்ரஜன் செலுத்தி வருகிறார்கள், ஜூன் கடைசியில் 2, ஜூலையில் 3.

2011 டிசம்பர் 16-இல் அறிவித்த 'குளிர் நிறுத்த நிலை'க்கு முக்கிய அளவுகோல் இரண்டு: உலைக்கலன் அடிப்பகுதி 100 பாகைக்குக் கீழே, எல்லையில் கூடுதல் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே. எரிபொருள் உலைக்கலனுக்குள்ளேயே இல்லாதபோது அதன் அடியின் வெப்பம் எவ்வளவு சொல்லும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் எஞ்சிய வெப்பம் ஓர் உலைக்கு 1 மெகாவாட் அளவுக்கு வந்துவிட்டது, அது உண்மையான ஆறுதல். 2019-இல் 2-இல் சோதனைக்காக நீரைப் பல மணி நேரம் நிறுத்திப் பார்த்தபோது மணிக்கு 0.2 பாகைகூட ஏறவில்லை.

#18 · குமரித்துறை

அப்படியானால் இனி ஒரு நிலநடுக்கம் வந்தால் கவலை எதில்?

#19 · குழாயடி

வந்துவிட்டது. 2021 பிப்ரவரி 13, ரிக்டர் 7.3. சில நாள் கழித்து 1, 3-இன் காப்புக்கலன் நீர்மட்டம் இறங்குவது தெரிந்தது. 2011-இல் விழுந்த ஓட்டைகள் கொஞ்சம் விரிந்திருக்கலாம். ஊற்றும் அளவைக் கூட்டிச் சமாளித்தார்கள். 3-இல் வைத்திருந்த நிலநடுக்கமானிகள் பழுதாகிப் பழுதுபார்க்கப்படாமலே இருந்ததால் அந்தக் கட்டடம் எவ்வளவு ஆடியது என்ற பதிவே இல்லை. நீர்த்தொட்டிகள் சில இடம் நகர்ந்திருந்தன. இப்போது நான் பார்ப்பது மூன்று: 1-இன் கம்பி தெரியும் பீடம், தொட்டிகளை இணைக்கும் குழாய்களின் வளைவுத்தன்மை, நைட்ரஜன் வரிசைக்கு மாற்று ஜெனரேட்டர். குளிர்விப்பு நீர் சில நாள் நின்றாலும் இன்று நேரம் இருக்கிறது.